துடைக்காத குழல்

டாலிகஞ்ச்,
போர்ட் பிளேர்,
7 ஜூலை 2023

மகேஷ்,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மனம் வரவில்லை. கேட்டால் "என்ன திடீர் அக்கறை" என்பாய், நான் ஏதாவது சொல்லுவேன், மறுபடி பேச்சு நின்றுவிடும். போனில் நமக்குச் சண்டையைத் தவிர எதுவும் வராது. எழுதினால் குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன்.

ஆவுடையப்பன் மாமா கண் ஆபரேஷன் முடிந்து நாளைக் கப்பலில் கேம்பல் பே திரும்புகிறார். உன் பக்கத்து வீட்டுக்காரராகப் போய்விட்டார், பாவம், அவர் தலையில் ஒரு நீளப் பெட்டியைக் கட்டியிருக்கிறேன். திறந்து பார். பள்ளிக்கூடத்தில் பிளாஸ்டிக்கில் ஊதினோமே ரெக்கார்டர், அந்தக் குழலின் பெரியண்ணன். பேஸ் ரெக்கார்டர் என்பார்கள். முழுக்க மரம். சென்னையில் ஒருவர் வீட்டில் சும்மா கிடந்ததைப் பிடித்தேன்.

புதிதாக ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு குழல்களுக்கு. பெயர் 'ஈரம்'. சென்னையில் ஜனவரியில் ஒரு புதிய இசை விழா நடக்கிறது. நவம்பர் கடைசிக்குள் ஒலிப்பதிவு அங்கே போய்ச் சேர வேண்டும். இதில் ஸ்வரம் கிடையாது. தாளில் கோடுகள்தான். சிரிக்காமல் கேள். கறுப்புக் கோடு என்றால் ஊதும் மூச்சு. சிவப்பு என்றால் உள்ளே இழுக்கும் மூச்சு. ஆமாம், குழலை வாயில் வைத்தபடியே காற்றை உறிஞ்ச வேண்டும். அதற்கும் ஒரு சத்தம் உண்டு. கோடு சுருண்டிருந்தால் நாக்கை உருட்டி ஊது. இரண்டாகப் பிரிந்தால் ஒரே மூச்சில் இரண்டு குரல் வர வேண்டும். ஒரு கோட்டின் நீளம் உன் ஒரு மூச்சின் நீளம். அதை நான் இங்கே உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. நீ ஊதி, வரைந்து அனுப்பு. அதை வைத்துத்தான் நான் மேலே எழுதுவேன்.

ஒன்று முக்கியம். ஊதி முடித்ததும் குழலைத் துடைக்காதே. நாம் படித்தது வேறு, தெரியும். ஆனால் உள்ளே நீர் கோத்தால்தான் குரல் உடையும். அந்த உடைசல்தான் எனக்கு வேண்டும்.

போன தடவை மாதிரி செய்துவிடாதே. கூட்டம் சிரித்தது என்று பாட்டின் நடுவில் குழலைக் கீழே வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போனாய். மிச்சத்தை நான் தனியாக ஊதினேன். நீ டிரான்ஸ்பர் வாங்கிக்கொண்டு தீவுகளின் கடைக்கோடிக்கே போய்விட்டாய். நான் மறக்கவில்லை. ஆனாலும் உன் அளவுக்குத் தம் பிடித்து ஊதுகிறவன் இந்தத் தீவுகளில் வேறு யாருமில்லை. அதற்காகத்தான் கேட்கிறேன்.

சுகிர்தா


கேம்பல் பே,
30 ஜூலை 2023

அன்புள்ள அக்காவுக்கு,

பார், நான் 'அன்புள்ள' போட்டிருக்கிறேன். நீ போடவில்லை.

பெட்டி வந்தது. ஆவுடையப்பன் மாமா பட்டாளத்து ஆள் அல்லவா, துப்பாக்கியைச் சாத்துவதுபோல் தோளில் சாத்திக்கொண்டு கப்பல் ஜெட்டியில் இறங்கினார். "யே க்யா ஹை?" என்று ஒருவன் மறித்திருக்கிறான். "பாஜா ஹை பாய், பாஜா", வாத்தியம்தான் என்று சொல்லிவிட்டு நிற்காமல் வந்துவிட்டார்.

இங்கே மழை விட்டால்தானே. வீட்டுச் சுவர் பூத்துக் கிடக்கிறது. பீரோவில் வைத்த பெல்ட்டை எடுத்தால் பச்சையாக இருக்கிறது. உனக்கு ஈரம்தானே வேண்டும், சரியான இடத்துக்குத்தான் அனுப்பியிருக்கிறாய். பகலெல்லாம் கரன்ட் கம்பத்தோடு மல்லுக்கட்டிவிட்டு சாயந்திரம் வந்து ஊதுகிறேன். முதல் நாள் ஊதியதும் தெருநாய்கள் எல்லாம் சேர்ந்து ஊளையிட்டன. "உங்கக்கா பாட்டுக்கு இதுங்கதான் கோரஸா?" என்று கேட்டாள் உன் தம்பி பெண்டாட்டி ஜெயராணி.

கோடு போடும் வேலை அவளுடையது. எனக்கு இரண்டு கையும் குழலில் இருக்கிறதே! நான் ஊத ஆரம்பித்ததும் பென்சிலைத் தாளில் வைத்து ஒரே நிதானமாக நகர்த்துவாள். தையல் மெஷினில் துணி தள்ளிப் பழகிய கை, கோணாது. என் மூச்சு நின்றதும் எடுத்துவிடுவாள். முதல் கறுப்புக் கோடு தாளைத் தாண்டி மேஜைமேல் போய்விட்டது. அதனால் இன்னொரு தாளை ஒட்டி அனுப்பியிருக்கிறேன். கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. சிவப்புதான் தொண்டையை அரிக்கிறது. பழகிவிடும்.

மேடை விஷயம். அன்றைக்கு அவர்கள் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள் அக்கா. எனக்கு அது தாங்கவில்லை. உன்னிடம் அதைச் சொல்லவும் தெரியவில்லை. இந்த முறை பக்கா. என்ன ஆனாலும் பாதியில் விடமாட்டேன்.

மகேஷ்


டாலிகஞ்ச்,
21 ஆகஸ்ட் 2023

அன்புள்ள மகேஷ்,

போட்டுவிட்டேன். போதுமா?

ஒட்டுத்தாள் கோட்டைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். நல்ல மூச்சுதான், மறுக்கவில்லை. ஆனால் சிவப்புக் கோடுகளைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. சூடான காப்பியை உறிஞ்சுகிறவன் மாதிரி பயந்து பயந்து இழுத்திருக்கிறாய். அடிவயிறு வரைக்கும் இழு. இரண்டாம் பகுதி முழுக்கச் சிவப்பாகத்தான் எழுதியிருக்கிறேன், இத்துடன் வைத்திருக்கிறேன். தினமும் பழகு.

இன்னொன்று. ஊதி முடித்ததும் குழலை ஈரத்துணியில் சுற்றிப் பெட்டியில் மூடி வை. தோசைமாவை மூடி வைப்பதில்லையா, அப்படி. மரம் ஊறட்டும். காய்ந்த குழலில் மரக்குரல்தான் வருகிறது. எனக்கு அதற்கும் அப்பால் ஏதோ ஒன்று வேண்டும். என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, காதில் விழுந்தால் தெரிந்துவிடும்.

அடுத்த முறை போனில் பதிவு செய்து மெமரி கார்டில் போட்டு அனுப்பு. உங்கள் ஊர் நெட்டில் ஏற்றினால் அடுத்த ஜனவரிக்குத்தான் வரும்.

சுகிர்தா


கேம்பல் பே,
15 செப்டம்பர் 2023

அன்புள்ள அக்கா,

கடிதம் தாமதம். கோபித்துக்கொள்ளாதே, காய்ச்சல், இருமல். விட்டு விட்டு வருகிறது. காலையில் ஒன்றுமில்லை, கம்பம் ஏறுகிறேன். சாயந்திரம் ஊதிவிட்டுச் சாப்பிட்டுப் படுத்தால் குளிர் தூக்கிப் போடுகிறது. விடிந்தால் டீக், சரியாகிவிடுகிறது. மலேரியாவாக இருக்கும் என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இல்லையாம். "மழைக்காலம், பானி உபால்கே பீயோ" என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். சரி என்று வெந்நீர் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

சிவப்பை விடவில்லை. நீ சொன்னபடி அடிவயிறு வரை இழுக்கிறேன். குழலுக்குள்ளிருந்து மழைக்காட்டு வாசனை மாதிரி ஒன்று நேராக நெஞ்சுக்குள் போகிறது. கறுப்பு இப்போது ஒரு தாளுக்குள் அடங்கிவிட்டது. ஜெயராணி பழைய தாளையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ பென்சிலை மெதுவா நகத்திட்டே" என்றேன். "என் கை எப்பவும் ஒரே மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

கார்டு அனுப்பியிருக்கிறேன். கடைசிப் பதிவைக் கேள். மூச்சு முடிகிற இடத்தில் ஒரு சின்னச் சத்தம், உப்பு வெடிக்கிற மாதிரி. உனக்குப் பிடிக்குமா பிடிக்காதா, தெரியவில்லை.

மகேஷ்


டாலிகஞ்ச்,
4 அக்டோபர் 2023

என் தங்கத் தம்பிக்கு,

கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். ஸ்கூலுக்கு லீவு போட்டுவிட்டுக் கேட்டேன்.

அந்தச் சத்தம்தான் மகேஷ்! இத்தனை வருஷம் நான் தேடியது அதைத்தான். ஊதும் குரல் ஒன்று, உறிஞ்சும் குரல் ஒன்று, இவை இரண்டும் இல்லாத மூன்றாவது குரல். தண்ணீருக்கடியில் யாரோ காய்ந்த இலைகளை மிதிக்கிறார்கள். எப்படிச் செய்கிறாய்? எந்தத் துளையை மூடுகிறாய்? உன்னுடையதைவிடச் சின்னதான என் டெனார் குழலில் எவ்வளவோ முயன்று பார்த்தேன், வரவே இல்லை. நீ பெரிய கலைஞன்டா. அன்றைக்கு மேடையிலிருந்து உன்னைப் போக விட்டது என் தவறோ என்றுகூடத் தோன்றியது.

இன்னும் ஒன்று கவனித்தேன். உன் கோடுகள் தாளுக்குத் தாள் சிறியதாகிக்கொண்டே வருகின்றன. முதலில் எரிச்சல்தான் வந்தது. வரிசையாக அடுக்கிப் பார்த்தால் என்ன அழகு! இதையே மூன்றாம் பகுதியாக வைத்துவிட்டேன். கோடு குறையக் குறைய மூன்றாவது குரல் வளர வேண்டும். கடைசியில் கோடே இருக்கக் கூடாது, அந்தக் குரல் மட்டும்தான். இதே போக்கில் போ. மாற்றிவிடாதே.

காய்ச்சலுக்கு நல்ல சாப்பாடு சாப்பிடு. ஜெயராணியிடம் கொள்ளு ரசம் வைக்கச் சொல்.

உன் அக்கா


கேம்பல் பே,
25 அக்டோபர் 2023

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை ஜெயராணிக்குப் படித்துக் காட்டினேன். ஆவுடையப்பன் மாமாவுக்கும் படித்துக் காட்டினேன். எந்தத் துளை என்று கேட்டிருந்தாய். அது தொழில் ரகசியம், சொல்ல மாட்டேன்.

லைன் வேலையாக ஒரு வாரம் காட்டு ரோட்டில் டென்ட் போட்டுத் தங்கினோம். மழை, அட்டை, எல்லாம் உண்டு. ஆனால் காய்ச்சல் எட்டிப் பார்க்கவில்லை. இருமலும் அடங்கிவிட்டது. குணமாகிவிட்டது என்று குஷியாக வீட்டுக்கு வந்தேன். பெட்டியைத் திறந்து ஊதினேன். அன்று சாயந்திரமே குளிர் தூக்கிப் போட்டது. இப்போது ஜெட்டி மேட்டில் ஏறினால் நடுவில் ஒரு தரம் நிற்க வேண்டியிருக்கிறது.

ஜெயராணி குழலைச் சந்தேகப்படுகிறாள். நான் டூட்டிக்குப் போயிருந்தபோது கழற்றிப் பார்த்திருக்கிறாள். உள்ளே சாம்பல் நிறத்தில் பூனைமுடி மாதிரி படர்ந்திருக்கிறதாம். "இதப் போய் உறிஞ்சுறீங்களே, உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று ஒரே சண்டை. வெந்நீர் ஊற்றிக் கழுவப் போனவளைத் தடுத்து வாங்கி வைத்தேன். உன்னைக் கேட்காமல் எப்படி?

துடைக்கட்டுமா அக்கா? நீ சரி என்றால் துடைத்துவிடுகிறேன். உன் பதில் வருகிற வரைக்கும் தொடமாட்டேன்.

மகேஷ்


டாலிகஞ்ச்,
6 நவம்பர் 2023

மகேஷ்,

வேண்டாம். துடைக்காதே. பதிவு முடியட்டும், பிறகு நீயே வெயிலில் காயவைத்து எண்ணெய் போடு. இப்போது கழுவினால் மூன்றாவது குரல் போய்விடும். போனது திரும்பி வருமா என்று யாருக்குத் தெரியும்?

மரம் என்றால் பூசணம் பிடிக்கத்தான் செய்யும். நம் தீவில் எதில் பிடிக்கவில்லை? ஊறுகாயில் பிடித்தால் வழித்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுகிறோம். ஜெயராணி நல்ல பெண்தான், ஆனால் அவளுக்கு இது பாட்டே இல்லை, வெறும் நாய் ஊளை.

நவம்பர் கடைசி வரைக்கும்தான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிடாதே. பாதியில் விடுவது உனக்குப் புதிதல்ல என்று எழுத வந்தேன். எழுதவில்லை என்று வைத்துக்கொள்.

சுகிர்தா


டாலிகஞ்ச்,
17 நவம்பர் 2023

மகேஷ், என் கண்ணே,

நேற்றுப் போனில் நான் கத்தியிருக்கக் கூடாது. "இனிமே நீ ஊத வேண்டாம், நிறுத்து" என்று ஆரம்பித்தேன். "என்னத் தூக்கிட்டு வேற ஆளப் போட்டுட்டியா?" என்று வைத்துவிட்டாய். அப்புறம் நீயும் எடுக்கவில்லை, ஜெயராணியும் எடுக்கவில்லை. மாமா வீட்டுக்கு அடித்தால் போகவே இல்லை. வேறு ஆள் எவனும் இல்லை. முழுதும் படி.

மூன்றாவது குரல் எனக்கு வரவில்லை என்ற ஆத்திரத்தில் என் டெனாரையும் ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தேன். சிவப்புப் பகுதியை அடிவயிறு வரைக்கும் இழுத்துப் பழகினேன். சாயந்திரமே குளிர், நெஞ்சில் கல் வைத்த மாதிரி கனம். நீ எழுதிய அதே காய்ச்சல். டாக்டரிடம் போனேன். என்ன செய்தீர்கள் என்று கேட்டார். குழலைக் காட்டினேன். டார்ச் அடித்து உள்ளே பார்த்துவிட்டு, "இதையா உறிஞ்சுனீங்க?" என்றார். அந்தப் பூசணத்தின் தூள் நுரையீரலில் போய் உட்காருமாம். ஒரு தரம் என்றால் சரியாகிவிடும். நாள்கணக்கில் என்றால் நுரையீரல் காய்ந்த தோல் மாதிரி இறுகிக்கொண்டே வருமாம். இறுகின இடம் திரும்பாதாம்.

உன் கோடுகள் சுவரில் வரிசையாக இருக்கின்றன. நான்தான் அடுக்கினேன். அழகு என்று எழுதினேன்.

குழலைத் தொடாதே. பெட்டியோடு கடலில் போட்டாலும் சரி. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் இந்தக் கடிதத்தைக் காட்டு. 'ஈரம்' வேண்டாம். விழா வேண்டாம். ஒன்றும் வேண்டாம்.

அக்கா


கேம்பல் பே,
18 நவம்பர் 2023

சுகிர்தா அக்காவுக்கு,

போனை வைத்த கையோடு பெட்டியைத் திறந்தேன். மூன்று பகுதியும் ஒரே இருப்பில் பதிவு செய்துவிட்டேன். ஜெயராணி வரைய மாட்டேன் என்றாள். "நீ வரையலைனா நான் வரையாமலே ஊதுவேன்" என்றதும் அழுதுகொண்டே பென்சிலை எடுத்தாள். தாளில் ஈரம் பட்டிருந்தால் அது அவளுடையது. கடைசிக் கோடு விரல் நீளம்கூட இல்லை. நீ கேட்டதும் அதுதானே.

நான் லாயக்கில்லை என்று தோன்றினால் நேராகச் சொல்லியிருக்கலாம். எனக்குப் பதிலாக யாரைப் பிடித்திருக்கிறாய் என்று தெரியாது. அவன் ஊதியதையும் கேள், இதையும் கேள், பிறகு முடிவு செய். ஆவுடையப்பன் மாமா கண் செக்-அப்புக்கு வருகிறார், கார்டு அவரிடம் இருக்கிறது.

இந்தச் சின்னக் கடிதத்தையே நிறுத்தி நிறுத்தித்தான் எழுதுகிறேன். உட்கார்ந்திருந்தாலும் மூச்சு வாங்குகிறது. பரவாயில்லை. இந்த முறை நான் பாதியில் விடவில்லை. அதை மட்டும் நீ ஒப்புக்கொண்டாக வேண்டும்.

மகேஷ்


போர்ட் பிளேர், ஆஸ்பத்திரி வராந்தா,
8 டிசம்பர் 2023

மகேஷ்,

உன்னைப் பேச விடக் கூடாதாம். மாஸ்க்கைக் கழற்றக் கூடாதாம். தாள் கொடுக்கலாமா என்று கேட்டேன், கொடுங்கள் என்றார் நர்ஸ். ஜெயராணி என்னிடம் பேசுவதில்லை. பெஞ்சின் அந்த முனையில் அவள், இந்த முனையில் நான். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

நம் கடிதங்கள் கடலில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. உன்னை இங்கே தூக்கி வர வேண்டிய ஹெலிகாப்டர் மழையால் வராமல் நீ அங்கே ஆக்சிஜனோடு காத்துக் கிடந்தபோது, மாமா இங்கே வந்து கார்டைக் கொடுத்தார். கடைசித் தேதிக்கு முந்தின நாள். வெட்கத்தை விட்டு உண்மையைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் நிலைமை தெரிந்தும் அதைப் போட்டுக் கேட்டேன். அனுப்பலாம் என்றும் நினைத்தேன். அவன் உயிரைக் கொடுத்து ஊதியிருக்கிறான், வீணாகலாமா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் பகுதி வந்தது. கோடு குறைந்துகொண்டே வந்தது. மூன்றாவது குரல் வளர்ந்துகொண்டே வந்தது. நான் எழுதியபடியே. கடைசி மூச்சு முடிந்தது. நீ குழலை மேஜைமேல் வைத்தாய். மரம் மேஜையில் படுகிற சத்தம் தெளிவாக விழுந்தது. "பென்சில எடுத்துட்டேன், போதும் வாங்க" என்று ஜெயராணி சொன்னாள்.

அதற்கப்புறமும் அந்தக் குரல் கேட்டது மகேஷ். குழல் மேஜைமேல் கிடக்கிறது, காய்ந்த இலையை மிதிக்கிற சத்தம் நிற்கவில்லை. நீ போனை அணைக்கிற வரைக்கும் நிற்கவில்லை.

நான் அனுப்பவில்லை. கார்டை உடைத்துப் போட்டேன். நேற்று உன் கட்டில் பக்கத்தில் நின்றேன், நீ தூங்கிக்கொண்டிருந்தாய். குழலே இல்லாத அறையில் அதே சத்தம். அதைத்தான் கலை என்று கொண்டாடினேன். என்னை மன்னிக்க வேண்டாம். மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிரு.

அக்கா


(அதே தாளின் பின்பக்கம், பென்சிலில்)

அக்கா,

அனுப்பியிருக்கலாம்.

எந்தத் துளை என்று நீ கேட்டபோதே எனக்குத் தெரியும். குழலை வைத்த பிறகும் அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஜெயராணி என் முதுகில் காதை வைத்துக் கேட்டிருக்கிறாள். சொன்னால் நீ ஊத வேண்டாம் என்று நிறுத்திவிடுவாய். என்னைப் பாராட்டி நீ எழுதிய ஒரே கடிதம் அதுதான்.